விக்கிப்பீடியாவை எந்தப் பக்கத்தில் நம்பலாம்?

2010 அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும், அந்தச் சட்டம் சொல்லும் ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ எது என்பது கேள்வி. நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு நான்கு நிபந்தனைகளை அடுக்கியது. அந்த இடத்தில் ஆதாரமாகத் தீர்ப்பு காட்டியது விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றை. நாடு முழுக்கக் கீழமை நீதிமன்றங்கள் எடுத்தாண்ட தீர்ப்பு அது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், அதே உச்ச நீதிமன்றம் ஒரு சுங்க வரி வழக்கில் தீர்ப்பளித்தது. திரையும் கணினியும் ஒரே பெட்டியாக வரும் ‘ஆல் இன் ஒன்’ மேசைக் கணினியை ‘எடுத்துச் செல்லத்தக்கது’ என்று வகைப்படுத்தலாமா என்பது சண்டை. கீழே இருந்த அதிகாரிகள் விக்கிப்பீடியாவைத் தாராளமாக மேற்கோள் காட்டியிருந்தார்கள். நீதிமன்றம் அதைக் கண்டித்தது. இத்தகைய தளங்கள் அறிவுக் களஞ்சியம்தான்; ஆனாலும் யார் வேண்டுமானாலும் திருத்தும் முறையில் உருவாகுபவை, முழுமையாக நம்பத்தக்கவை அல்ல, வழக்கறிஞர்கள் இன்னும் உறுதியான ஆதாரங்களைத் தேட வேண்டும் என்றது.

இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டுமே தளம் முழுவதையும் ஒரே தராசில் வைத்துவிட்டன என்றுதான் சொல்வேன். விக்கிப்பீடியா நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு விடை கிடையாது. இந்தப் பக்கம், இந்த மொழியில், இன்றைய தேதியில் நம்பத்தக்கதா என்று கேட்டால் விடை உண்டு. அந்த விடை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அந்தப் பக்கத்தை எத்தனை பேர் கண்காணிக்கிறார்கள், அதற்குப் பின்னால் அச்சில் என்ன இருக்கிறது. ‘மக்கள் கூட்டமா, நிபுணரா’ என்று நடக்கும் பட்டிமன்றம் இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது.

விக்கிப்பீடியா பிறந்ததே நிபுணர்களை நம்பிய ஒரு திட்டத்தின் கொல்லைப்புறத்தில்தான். 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் ‘நூபீடியா’ என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். தத்துவம் படித்த லாரி சாங்கர் அதன் தலைமை ஆசிரியர். துறை அறிந்தவர்கள் எழுதுவார்கள், கட்டுரை ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டி வெளிவரும் என்பது ஏற்பாடு. ஓராண்டில் தேறியவை இருபதை ஒட்டிய கட்டுரைகள். வரைவுகளை வேகமாகச் சேர்க்கலாமே என்று, வார்டு கன்னிங்காம் 1995-இல் உருவாக்கிய விக்கி முறையைப் பயன்படுத்தி 2001 ஜனவரி 15 அன்று பக்கத்தில் ஒரு தளம் திறந்தார்கள். அங்கே யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். ஒரு மாதத்துக்குள் ஆயிரம் கட்டுரைகள் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய இருபதாயிரம். நூபீடியாவை 2003-இல் மூடிவிட்டார்கள்.

நூபீடியா தோற்றதற்கு அதன் தரம் காரணமில்லை. அறிஞர் குழு வைத்துச் செய்யும் கலைக்களஞ்சியம் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைத் தமிழில் பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தைப் பார்த்தாலே தெரியும். முதல் தொகுதி 1954, ஒன்பதாம் தொகுதி 1963, இணைப்பாக வந்த பத்தாம் தொகுதி 1968. தமிழில் முன்னோடியான வேலை. இன்றும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் புரட்டலாம்; சில கட்டுரைகளின் நடைத் தெளிவு இப்போது எழுதப்படும் எதிலும் இல்லை. ஆனால் முதல் தொகுதியில் இடம்பெற்ற செய்திகள் பத்தாம் தொகுதி வருவதற்குள் பழையதாகிவிட்டன. நிபுணர் கலைக்களஞ்சியத்தின் பெரிய செலவு காலம்தான். 1768-இல் எடின்பரோவில் தொடங்கிய பிரிட்டானிக்காவும் 2012-இல் அச்சுப் பதிப்பை நிறுத்தியது.

சாங்கர் மனம் விடவில்லை. நிபுணர்களுக்கு மேலதிகாரம் தரும் ‘சிட்டிசென்டியம்’ என்ற தளத்தை 2006-இல் தொடங்கினார். கூகுளும் எழுதியவர் பெயரோடு கட்டுரை வரும் ‘நோல்’ சேவையை 2008-இல் திறந்து 2012-இல் மூடியது. பணமோ பெயரோ குறைந்ததால் இவை சரியவில்லை. ஒரு பேராசிரியருக்கு ஆய்விதழில் எழுதினால் பதவி உயர்வுக்கு உதவும். பொதுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினால் ஒன்றுமில்லை. அதே காரணத்தைத் திருப்பிப் போட்டால், வெற்றி பெற்ற ஒரே பெரிய விதிவிலக்கும் புரியும். 1995-இல் எட்வர்ட் ஸால்டா தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இன்றுவரை அழைப்பின் பேரில் எழுதும் அறிஞர்களால் நடக்கிறது, அவர்களே அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். அதில் ஒரு பதிவு எழுதுவது தத்துவத் துறையில் கௌரவம். ஒரு துறை, ஒரு சிறு வட்டம், அந்த வட்டத்துக்குள் மதிப்பு. கால்பந்து வீரர், கர்நாடக ராகம், நெல் ரகம், நேற்று நடந்த தேர்தல் எல்லாவற்றுக்கும் அப்படி ஆள் பிடிக்க யாராலும் முடியவில்லை.

கூட்டம் எழுதினால் எப்படிச் சரியாக வரும்?

இதற்குப் பலரும் சொல்லும் பதில் பிரான்சிஸ் கால்ட்டனின் மாட்டுக் கதை. 1907-இல் அவர் வெளியிட்ட கணக்கு: இங்கிலாந்தின் பிளிமத் சந்தையில் ஒரு காளையை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு தேறும் என்று பார்வையாளர்கள் சீட்டில் எழுதிப் போட்டார்கள். கணக்கில் எடுக்கத்தக்க 787 சீட்டுகளின் நடு மதிப்பு 1207 பவுண்டு. உண்மை எடை 1198. கூட்டத்துக்குத் தனி அறிவு உண்டு என்று இதை வைத்துப் பேசுவார்கள்.

விக்கிப்பீடியாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காளைச் சந்தையில் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. தவறுகள் இரண்டு பக்கமும் சிதறி ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. விக்கியில் ஒருவர் எழுதியதன் மீதே அடுத்தவர் எழுதுகிறார். அங்கே சராசரி கிடையாது. கடைசியாகக் கைவைத்தவர் எழுதியது நிற்கும், அடுத்தவர் மாற்றும் வரை.

அப்படியானால் எது தாங்கிப் பிடிக்கிறது? விதியும் கண்காணிப்பும். ‘உன் சொந்த ஆய்வை இங்கே எழுதாதே’, ‘வெளியான நம்பகமான மூலத்தில் சரிபார்க்க முடிந்ததை மட்டும் எழுது’, ‘மூலங்கள் மாறுபட்டால் நடுநிலையோடு எல்லாவற்றையும் சொல்’ என்பவை அடிப்படை விதிகள். தமிழ் விக்கிப்பீடியர்கள் இரண்டாவதை ‘மெய்யறிதன்மை’ என்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் பக்க வரலாற்றில் பதிவாகிறது. ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தனக்கு அக்கறை உள்ள பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுவைத்து, யாராவது விஷமத்தனம் செய்தால் உடனே முன்னிலைக்குத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கில விக்கியில் அப்பட்டமான நாசவேலையைப் பல சமயம் தானியங்கி நிரல்களே சில நொடிகளில் அழித்துவிடும்.

தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர்தான் தீர்மானிக்கிறார்கள். கூட்டறிவு என்று நாம் புகழ்வது பெரும்பாலும் அந்தச் சிலரின் உழைப்பு. அவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிற பக்கம் நன்றாக ஓடும். இல்லாத பக்கம் எங்கே போய் முட்டும் என்று சொல்ல முடியாது.

விக்கிப்பீடியா பிரிட்டானிக்காவுக்குச் சமம் என்று அடிக்கடி சொல்லப்படுவதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ‘நேச்சர்’ இதழ் 2005 டிசம்பரில் வெளியிட்ட ஒப்பீடு அது. அறிவியல் தலைப்புகளில் இரண்டின் கட்டுரைகளையும் எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். 42 தலைப்புகளுக்கு மதிப்பீடு திரும்பி வந்தது. பெரும் பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறு பிழை, விடுபடல், குழப்பமான வாசகம் என்று எண்ணினால் விக்கியில் 162, பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா சீறி எழுந்து மறுப்பு வெளியிட்டது, நேச்சர் பின்வாங்கவில்லை. அந்த எண்களை நிதானமாகப் பார்த்தால் விக்கியில் மூன்றில் ஒரு பங்கு பிழை கூடுதல். அதைவிட முக்கியம், சோதித்தது ஆங்கிலத்தை, அதிலும் அறிவியலை. நிரல் எழுதுகிறவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் மொய்த்துக் கிடந்த, கண்காணிப்பு மிகுந்த தெரு அது. அங்கே கிடைத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டுபோய் ஒரு குறுநில மன்னரைப் பற்றிய கட்டுரைக்கோ வேறொரு மொழிக்கோ போட முடியாது.

பேராசிரியர் கதவைத் தட்டியபோது

மே தினத்துக்குக் காரணமான சிகாகோ ஹேமார்க்கெட் சம்பவத்தை, 1923-லேயே சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் மண்ணில் விளக்க வேண்டியதில்லை. 1886 மே 4 அன்று வெடித்த குண்டு, அதைத் தொடர்ந்த விசாரணை, நால்வருக்குத் தூக்கு. அந்த விசாரணையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் திமோத்தி மெஸ்ஸர் குரூஸ். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டுவெடிப்போடு இணைக்கும் சான்று எதையும் அரசுத் தரப்பு தரவில்லை என்று ஆங்கில விக்கி எழுதியிருந்தது. விசாரணை ஆறு வாரம் நடந்தது, 118 பேர் சாட்சி சொன்னார்கள், ஆவணங்கள் கையில் இருக்கின்றன என்று அவர் அந்த வரியைத் திருத்தினார். சில நிமிடங்களில் திருத்தம் போய்விட்டது. நீதிமன்ற ஆவணம் முதல்நிலைச் சான்று, அதை நீங்களே பொருள்கொண்டு எழுதக் கூடாது, வெளியான நூலைக் காட்டுங்கள் என்றார்கள். பொறுத்திருந்து, தன் நூல் 2011-இல் வெளிவந்ததும் திரும்பிப் போனார். இப்போது வேறு பதில்: பிற வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் பழையபடிதான் எழுதியிருக்கிறார்கள், உங்களுடையது சிறுபான்மைக் கருத்து. இந்த அலைக்கழிப்பை அவர் 2012 பிப்ரவரியில் ஒரு கல்வி இதழில் எழுதினார். நிபுணரை அவமதிக்கும் விக்கி என்று எல்லா இடத்திலும் அது பேசப்பட்டது.

என் பார்வையில் அந்தத் தன்னார்வலர்கள் தங்கள் விதிப்படி நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். அதே வாரத்தில் அதே கதவைத் தட்டி, நிலவில் மனிதன் இறங்கவில்லை என்பதற்குத் தன்னிடம் ஆவணம் இருப்பதாகச் சொல்பவரையும் அவர்கள் சமாளிக்க வேண்டும். திரைக்கு அப்பால் இருப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததாக நினைத்தபோது என்ன ஆனது என்பதும் அவர்களுக்கு மறக்கவில்லை: இறையியல் பேராசிரியர் என்று தன்னை அறிவித்துக்கொண்டு, அந்தத் தகுதியையே சொல்லி விவாதங்களில் வென்று, உயர் பொறுப்புகள் வரை போன ஒரு பயனர், உண்மையில் எந்த முனைவர் பட்டமும் இல்லாத 24 வயது இளைஞர் என்று 2007-இல் வெளிப்பட்டது. பட்டத்தைப் பார்க்காதே, மூலத்தைப் பார் என்ற விதி போலிகளைத் தடுக்கிறது. அதே விதி, ஊரே தவறாகச் சொன்னதை முதலில் கண்டுபிடித்த ஆளையும் தடுக்கிறது. இரண்டையும் பிரிக்கும் சல்லடை இதுவரை யாரிடமும் இல்லை.

டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு நடந்ததும் இதன் இன்னொரு முகம். லேசர் துடிப்புகள் குறித்த ஆய்வுக்காக 2018 அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கியில் அவருக்குப் பக்கமே இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, அவரைப் பற்றிப் போதிய வெளி மூலங்கள் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. எல்லோரும் விக்கியைத் திட்டினார்கள். உலகத்தில் மூன்றாவது பெண்ணாக இயற்பியல் நோபல் பெறப்போகிறவரைப் பற்றி அதுவரை நாளிதழ்களும் பல்கலைக்கழகங்களும் பெரிதாக எதுவும் எழுதாமல் இருந்ததற்கு யாரைத் திட்டுவது என்று கேட்டவர்கள் குறைவு. விக்கிப்பீடியாவுக்குச் சொந்த அறிவு கிடையாது. அச்சில் உள்ளதன் நிழல் அது. அச்சின் பாரபட்சமும் சேர்ந்தே விழும்.

அதற்காக நிபுணர் சொன்னதெல்லாம் நிற்கும் என்றும் இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதி. அக்காலத்தில் அதைவிடப் பெரிய அதிகாரபூர்வமான ஆதாரம் இல்லை. மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரித்த காலத்து நூல். இன்றும் பல சாதிச் சங்கங்களின் மலர்களில் அதிலிருந்து வேண்டிய வரி மட்டும் எடுத்தாளப்படுகிறது. ஆங்கில விக்கியின் தன்னார்வலர்கள், பிரிட்டிஷ் ஆட்சிக்கால அதிகாரிகளின் இத்தகைய நூல்களைச் சாதி வரலாற்றுக்கு நம்பகமான மூலமாக ஏற்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். சாதிப் பக்கங்களில் ஓயாமல் நடந்த தொகுப்புப் போர்களே அதற்குக் காரணம். அந்தப் பக்கங்களுக்கென்று தனிக் கட்டுப்பாடும் 2012 முதல் இருக்கிறது. தர்ஸ்டனை எடைபோட்டவர்கள் பட்டத்தைக் காட்டி வந்தவர்கள் அல்லர். ஆனால் பிந்தைய மானிடவியல் ஆய்வுகளைப் படித்தவர்கள். நிபுணத்துவமும் காலாவதி ஆகும், அதைக் கண்டுபிடிக்க அடுத்த தலைமுறை நிபுணத்துவம்தான் வேண்டும் என்பதை அந்த விவாதங்களைப் படித்தால் காணலாம்.

அடிக்குறிப்பு இருந்தால் போதுமா?

போதாது. கோவாவின் பிச்சோலிம் பகுதியில் 1640-41-இல் போர்ச்சுகீசியருக்கும் மராத்தியருக்கும் நடந்ததாக ஒரு போர் ஆங்கில விக்கியில் விரிவாக எழுதப்பட்டிருந்தது. 2007-இல் வந்த கட்டுரை அதே ஆண்டில் ‘நல்ல கட்டுரை’ என்ற தரச் சான்றும் பெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2012 இறுதியில் ஒருவர் உட்கார்ந்து அடிக்குறிப்புகளில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார். நூல்களே இல்லை. போரும் இல்லை. தரச் சான்று கொடுத்தவர்கள் நடையையும் அமைப்பையும் மேற்கோள் எண்களையும் பார்த்தார்களே தவிர, ஒரு நூலையாவது திறந்துபார்க்க முயலவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் எத்தனை பேருக்கு பதினேழாம் நூற்றாண்டுக் கோவாவைப் பற்றித் தெரியும்? உலகின் மிகப் பெரிய விக்கியிலேயே ஆள் நடமாட்டம் இல்லாத சந்து அது.

இன்னும் விபரீதமானது வட்டமடிக்கும் சான்று. 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் கார்ல் தியோடோர் சு குட்டன்பெர்க் அமைச்சரானபோது, பிரபு குடும்பத்துக்கே உரிய அவருடைய நீண்ட பெயர் வரிசையில், ஜெர்மன் விக்கியில் யாரோ ‘வில்ஹெல்ம்’ என்ற பெயரைச் சும்மா செருகிவிட்டார். மறுநாள் பெரிய பத்திரிகைகள் அந்தப் போலிப் பெயரோடு செய்தி வெளியிட்டன. விக்கியில் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு முன்னணிப் பத்திரிகையின் இணையதளம். பத்திரிகைக்கு மூலம் விக்கி, விக்கிக்கு மூலம் பத்திரிகை. இங்கே தவறியது கூட்டம் மட்டுமில்லை. சரிபார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்களும் சேர்ந்து தவறினார்கள்.

சிறிய மொழிகளில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை, அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவர் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்திருந்தார் என்று 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. ஆங்கில வாக்கியத்தில் அகராதி பார்த்துச் சொல்லை மாற்றிப் போட்ட மொழி அது. கெட்ட எண்ணம் இல்லை. நிறுத்த ஆள் இல்லை, அவ்வளவுதான். குரோவேஷிய விக்கியில் கெட்ட எண்ணமே இருந்தது. அங்கே ஒரு சிறு நிர்வாகிகள் குழு ஏறக்குறைய பத்தாண்டு பிடியை விடாமல், எதிர்த்தவர்களைத் தடைசெய்து, இரண்டாம் உலகப் போர்க் காலப் பாசிச ஆட்சியின் கொடுமைகளைக் குறைத்துக் காட்டும் வரலாற்றை எழுதியது. மாணவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே சொன்னார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் வெளியிட்ட மதிப்பீடும் இதை உறுதிசெய்தது. கூட்டம் சிறிதாக இருந்தால் அதைக் கைப்பற்றுவதும் சுலபம்.

தமிழின் இடம்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் தொடக்கக் காலத்தைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன், கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015-க்கான இயல் விருதை அளித்தது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. குரோவேஷியாவுக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை என்பது சாதாரண விஷயமில்லை. தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் நாடுகள் என்று பங்களிப்பாளர்கள் சிதறியிருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஓர் ஊரின் அரசியல் மொத்தத்தையும் விழுங்க முடியவில்லை.

இந்தச் சிறு சமூகம் ஒரு பெரிய நிறுவனத்தையே நிறுத்திக் கேள்வி கேட்டதும் உண்டு. 2009 வாக்கில் கூகுள், தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயிற்றுவிக்கும் நோக்கத்தோடு, கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கியில் ஏற்றத் தொடங்கியது. ஹாலிவுட் நடிகர்களும் மேலைநாட்டுப் பாப் பாடகர்களும் வந்து குவிந்தார்கள். வாக்கியங்களோ படிக்க முடியாதவை. பக்கங்கள் நீளம், பிழைகள் ஏராளம், எழுதியவர் திரும்பி வந்து திருத்துவதில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் கூகுளோடு பேசி, எந்தத் தலைப்பு, என்ன தரம் என்று நிபந்தனை வைத்தார்கள். 2010-இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் ஆண்டு மாநாடான விக்கிமேனியாவில் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இந்த அனுபவத்தை விரிவாக முன்வைத்தார். வங்காள விக்கி அந்த வேலைக்கு நேரடியாகவே தடை போட்டது. காசுக்கு எழுதிய ‘தொழில்முறை’ மொழிபெயர்ப்பாளர்களைவிடச் சம்பளமில்லாத அமெச்சூர்களுக்குத் தரம் பற்றிய அக்கறை கூடுதலாக இருந்தது.

இருந்தாலும் ஒன்றரை லட்சம் பக்கங்களுக்கு முட்டுக்கட்டை போட எத்தனை கைகள்? நடப்புச் செய்தி, தேர்தல், திரைப்படம் போன்றவற்றில் ஆள் இருக்கிறார்கள். ஒரு கிராமத்துக் கோயிலின் தல வரலாறோ, நின்றுபோன சிற்றிதழோ, சித்த மருத்துவ மூலிகையோ என்றால் பெரும்பாலும் எழுதியவர் ஒருவரே, காவலும் அவரே.

இந்தக் குறையைச் சொல்லித்தான் எழுத்தாளர் ஜெயமோகனின் முன்னெடுப்பில் ‘தமிழ் விக்கி’ 2022 மே மாதம் வந்தது. பெயர் ஒத்திருந்தாலும் விக்கிப்பீடியாவோடு தொடர்பில்லாத தனித் தளம். எழுதியது ஆசிரியர் குழுவின் பார்வையைத் தாண்டித்தான் உறுதியாகும். நவீன இலக்கியம், நாட்டார் தெய்வங்கள், கோயில்கள், இசைக் கலைஞர்கள் போன்றவற்றில் அதன் பக்கங்கள் பல இடங்களில் விக்கிப்பீடியாவைவிட ஆழமானவை. ஆனால் எது எழுதத்தக்கது, எந்த எழுத்தாளர் முக்கியம் என்பதில் ஒரு குழுவின் ரசனை தெரியும். அதை அவர்கள் மறைப்பதுமில்லை. எதிர்த்தரப்பு வந்து உரையாடல் பக்கத்தில் மல்லுக்கட்டும் வழி அங்கே குறுகலானது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிப்பேன். இரண்டும் முரண்படும் இடம்தான் எனக்கு அதிகம் பயன்படுகிறது.

இரண்டுக்கும் பொதுவான தட்டுப்பாடு ஒன்று உண்டு: காட்டுவதற்கு மூலம். ஈழத்துத் தலைப்புகளில் தமிழ் விக்கிப்பீடியா பலமாக இருப்பதற்கு, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் ஏற்றிவரும் நூலகம் திட்டம் பெரிய காரணம். அடிக்குறிப்பைச் சொடுக்கினால் நூலே திறக்கிறது. தமிழ்நாட்டு மாவட்டச் செய்தித்தாள்களின் பழைய இதழ்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. மெய்யறிதன்மை என்ற விதி, நூலகம் இருக்கிற ஊருக்குத்தான் நியாயமாக வேலை செய்யும்.

நிபுணரும் கூட்டமும் சேர்ந்து நடந்த இடங்களும் இருக்கின்றன. டெங்கு பற்றிய ஆங்கில விக்கிக் கட்டுரையை, கனடாவின் அவசர சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஹைல்மன் உள்ளிட்டோர் செம்மைப்படுத்தி, 2014-இல் ‘ஓப்பன் மெடிசின்’ ஆய்விதழின் மதிப்பாய்வுக்கு அனுப்பினார்கள். அது ஆய்விதழ்க் கட்டுரையாகவே வெளிவந்தது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கப் படங்களையும் காணொளிகளையும் விக்கியில் தாராளமாகப் பயன்படுத்தும் உரிமத்தோடு தந்தது. மருத்துவர்கள் தங்கள் பட்டத்தைக் காட்டி உள்ளே வரவில்லை. எந்த ஆய்வு வலுவானது, எது வலுவற்றது என்று மூலங்களைத் தரம் பிரிக்கத் தெரிந்தவர்களாக வந்தார்கள். நிபுணருக்கு அங்கே இருக்கும் உருப்படியான வேலை அதுதான்.

சமூக ஊடகங்கள் இப்போது பேசும் கூட்டறிவு வேறு சரக்கு. ட்விட்டர் 2021-இல் தொடங்கிய, பதிவின் கீழே பயனர்களே விளக்கக் குறிப்பு சேர்க்கும் முறையில், வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுபவர்கள் ஒரு குறிப்பைப் பயனுள்ளது என்று ஒத்துக்கொண்டால்தான் அது எல்லாருக்கும் தெரியும். யோசனை நல்லது, ஆனால் ஒத்துக்கொள்வதற்குள் வதந்தி ஊர் சுற்றிவிடும். 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களை விட்டுவிட்டு இதே முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. மக்கள் மீது திடீரென்று வந்த நம்பிக்கை என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பக்கத்தை எடைபோட வாசகருக்கு ஐந்து நிமிடம் போதும். ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதைச் சொடுக்கினால் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், கடைசியாக எப்போது, ஒரே ஆள் மட்டுமா என்று தெரியும். உரையாடல் பக்கம் காலியாக இருந்தால் யாரும் கேள்வி கேட்டதில்லை என்று அர்த்தம். சண்டை நடந்திருந்தால் எந்த வரி சர்ச்சைக்குரியது என்று அங்கேயே இருக்கும். அடிக்குறிப்பில் இரண்டையாவது திறந்து பார்க்க வேண்டும், முக்கியமாக நமக்கு வேண்டிய வரிக்கு உரியதை. ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஒப்பிடலாம், ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக இல்லாத பட்சத்தில்.

இந்த வசதி அத்தனையும் விக்கிப்பீடியாவுக்குள் வந்து படிப்பவருக்குத்தான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதே கட்டுரைகளை விழுங்கி, பக்க வரலாற்றையும் உரையாடலையும் ‘மேற்கோள் தேவை’ என்ற எச்சரிக்கையையும் உதறிவிட்டு, ஒரே சீரான தொனியில் விடை சொல்கின்றன. நூறு பேர் காவல் காக்கும் டெங்கு பக்கமும், ஒருவர் எழுதி விட்டுப்போன ஊர் வரலாறும் அந்தத் தொனியில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மனித வாசகர்களின் வருகை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருப்பதாக விக்கிமீடியா அறக்கட்டளை 2025 அக்டோபரில் தெரிவித்தது. விக்கியில் எழுதுபவர்கள் எல்லாரும் முதலில் வாசகர்களாக வந்தவர்கள். ஒரு பிழையைப் பார்த்து எரிச்சலாகி ‘தொகு’ பொத்தானை அழுத்தியவர்கள். வாசகர் வராவிட்டால் அடுத்த காவலரும் வரமாட்டார். ஆங்கிலம் அந்தக் குறைவைச் சில காலம் தாங்கும். தமிழில் முனைப்போடு தொகுப்பவர்கள் ஏற்கெனவே சிலரே என்பதால், எட்டு சதவீதம் என்பது எந்தெந்தத் தலைப்புகள் யாரும் பார்க்காதவையாக மாறப்போகின்றன என்ற கணக்கு.